தோட்டத்துக்குள் ஒரு மண் அணை: உரிமையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தாண்டிக்குடி, ஏற்காடு, கூடலூர்ப் பக்கம் காப்பித் தோட்டமோ தேயிலைத் தோட்டமோ வாங்குகிறவர்களில் சிலருக்கு, நிலத்தோடு சேர்ந்து ஒரு மண் அணையும் கைக்கு வந்துவிடுகிறது. ஓடைக்குக் குறுக்கே எந்தக் காலத்திலோ மண் கொட்டிக் கட்டிய கரை. வரைபடம் இருக்காது, கட்டியவர் உயிரோடு இருக்கமாட்டார். பார்க்க அழகாக இருக்கும், பிப்ரவரி, மார்ச்சில் காப்பி பூக்க ஸ்பிரிங்க்ளர் போடத் தண்ணீரும் கிடைக்கும். அப்படிப்பட்ட சிறிய தனியார் அணை வைத்திருப்பவர்களுக்காக இந்தக் கேள்வி-பதில்.

எங்களிடம் இருப்பது வெறும் குளம். அதை ஏன் அணை என்கிறீர்கள்?

தரையைத் தோண்டித் தண்ணீர் தேக்கினால் அது பண்ணைக்குட்டை. அது உடைய வழியில்லை. கரை எழுப்பி, சுற்றியுள்ள தரைக்கு மேலே தண்ணீரை நிறுத்தி வைத்திருந்தால் அது அணைதான், யார் என்ன பெயரில் கூப்பிட்டாலும். கரைக்கு வெளிப்புறம் கீழே இறங்கி நின்று அண்ணாந்து பாருங்கள். தண்ணீர் உங்கள் தலைக்கு மேலே நிற்கிறது என்றால் இந்தக் கேள்வி-பதில் உங்களுக்கானது.

2 ஏக்கர் பரப்பு, சராசரியாக 3 மீட்டர் ஆழம் என்றால் ஏறக்குறைய 2.4 கோடி லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 2,000 லோடு. கரை உடைந்தால் இதில் பெரும்பகுதி அரைமணி நேரத்துக்குள் பள்ளத்தில் இறங்கிவிடக்கூடும்.

உயரம் 8 மீட்டர்தான். இதற்குப் போய் இவ்வளவு பயமா?

அணையின் ஆபத்தை அணையைப் பார்த்து அளக்கக் கூடாது. கரையிலிருந்து ஓடை வழியே கீழே நடந்து போங்கள். தொழிலாளர்களின் லயன் வீடுகள், கோயில், பள்ளிக்கூடம், தரைப்பாலம், தண்ணீர் இறங்கும் வழியில் என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். ஆளில்லாக் காட்டுக்கு மேலே நிற்கும் 12 மீட்டர் அணையைவிட, பத்து வீடுகளுக்கு மேலே நிற்கும் 5 மீட்டர் அணை ஆபத்தானது. பல நாடுகளில் அணைகளை ஆபத்து வாரியாகப் பிரிப்பதும் இந்தக் கணக்கில்தான்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டொக்கோவா அருவிக்கு மேலே கெல்லி பார்ன்ஸ் என்று ஒரு மண் அணை இருந்தது. உயரம் சுமார் 12 மீட்டர். முன்பு மின்சாரம் எடுக்கப் பயன்பட்டது, பிறகு வெறும் பொழுதுபோக்கு ஏரியாக நின்றது. 1977 நவம்பர் 6 அதிகாலை ஒன்றரை மணிக்கு, பலத்த மழைக்குப் பின் உடைந்தது. கீழே இருந்த கல்லூரி வளாகத்தில் 39 பேர் இறந்தார்கள். அணைக்குச் சொந்தக்காரரே அந்தக் கல்லூரிதான். விசாரணையில் ஒரு பழைய புகைப்படம் கிடைத்தது. 1973இலேயே வெளிச்சரிவில் ஒரு பகுதி சரிந்து கிடந்தது அதில் தெரிந்தது. நான்கு வருடம் அது அப்படியே இருந்திருக்கிறது.

கென்யாவில் நகுரு வட்டாரத்து சோலாயில், ஒரு பெரிய பண்ணையின் தனியார் அணை 2018 மே 9 இரவு உடைந்து 47 பேராவது இறந்தார்கள். அங்கேயும் நீண்ட மழை, அங்கேயும் இரவு நேரம், கீழே குடிசைகள்.

அரசுத் துறையிலிருந்து யாராவது வந்து சோதிப்பார்களா?

பெரும்பாலும் இல்லை. இந்தியாவின் அணைப் பாதுகாப்புச் சட்டம், 2021, தனியார் அணைகளையும் சேர்த்துத்தான் எழுதப்பட்டது. ஆனால் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகள்தான் நேரடியாக அதற்குள் வரும். 10 முதல் 15 மீட்டர் வரை என்றால், கரை நீளம் 500 மீட்டருக்குக் குறையாமல் இருப்பது, கொள்ளளவு 10 லட்சம் கன மீட்டருக்குக் குறையாமல் இருப்பது போன்ற நிபந்தனைகளில் ஒன்றாவது பொருந்த வேண்டும். 10 மீட்டருக்குக் கீழே எதுவும் கிடையாது. தோட்டத்து அணைகள் அநேகமாக எல்லாம் இந்த வலைக்குக் கீழே நழுவிவிடுகின்றன. ஆகவே உங்கள் அணைக்கு இன்ஸ்பெக்டர் நீங்கள்தான். இது சட்டத்தின் குறை என்பது என் கருத்து. அளவை மட்டும் பார்க்காமல், கீழே குடியிருப்பு இருக்கிறதா என்பதையும் ஒரு நிபந்தனையாக வைத்திருக்கலாம்.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். அணை நிற்கும் ஓடை வருவாய்க் கணக்கில் புறம்போக்காக இருந்தால், பட்டா நிலம் இரு பக்கமும் உங்களுடையது என்பதால் மட்டும் ஓடை உங்களுடையதாகிவிடாது. அணையில் பெரிய வேலை தொடங்கும் முன் கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படத்தைச் சரிபாருங்கள்.

உடைந்து சேதமானால் பொறுப்பு யாருக்கு?

உங்களுக்கு. இதைப் பற்றிய மிகப் பழைய தீர்ப்புகளில் ஒன்றே ஒரு தனியார் நீர்த்தேக்கத்தைப் பற்றியதுதான். இங்கிலாந்தில் ரைலண்ட்ஸ் என்ற ஆலை முதலாளி ஒப்பந்தக்காரரை வைத்து நீர்த்தேக்கம் கட்டினார். தண்ணீர் பழைய சுரங்கக் குழிகள் வழியே இறங்கி, பக்கத்தில் ஃப்ளெட்சர் என்பவரின் நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. ரைலண்ட்ஸ் கவனக்குறைவாக இருந்தார் என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனாலும், வெளியேறினால் கெடுதல் செய்யக்கூடிய ஒன்றைத் தன் நிலத்தில் கொண்டுவந்து சேர்த்தவர் அதற்குப் பொறுப்பு என்று 1868இல், அப்போது அந்நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை முடிவு செய்தது.

நம் பக்கத்திலேயே இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. கார்வேட்டிநகரம் ஜமீனில் ஏரிக்கரைகள் உடைந்து ரயில்வே பாலத்துக்குச் சேதம் வந்தபோது, மதராஸ் ரயில்வே கம்பெனி ஜமீன்தார் மேல் வழக்குப் போட்டது. 1874இல் பிரிவி கவுன்சில், அதாவது அப்போது இந்திய வழக்குகளுக்கு லண்டனில் இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றம், ஜமீன்தார் பக்கம் தீர்ப்பளித்தது. ஊர்ப் பாசனத்துக்காகத் தொன்றுதொட்டு இருக்கும் ஏரிகள் அவை, அவற்றைப் பராமரிப்பது அவர் கடமை, கவனக்குறைவு இருந்தால்தான் பொறுப்பு என்றது. உங்கள் ரிசார்ட்டில் படகு விடுவதற்காகத் தேக்கிய தண்ணீருக்கு இந்தச் சலுகை கிடைக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். ஒரு வக்கீலிடம் பேசிவிடுங்கள்.

மண் அணை எதனால் உடைகிறது?

தண்ணீர் கரைக்கு மேலே ஏறி வழிந்தால் உடையும். கரைக்குள்ளே வழி கண்டுபிடித்து மண்ணை அரித்துக்கொண்டு வெளியேறினால் உடையும். சரிவு தாங்காமல் மண் சறுக்கினாலும் உடையும். முதல் இரண்டும்தான் பெரும்பாலான விபத்துகளுக்குக் காரணம். கல் அணை மேல் தண்ணீர் வழிந்தால் பல நேரம் தாங்கும். மண் கரை தாங்காது, வழிய ஆரம்பித்த இடத்தில் வாய்க்கால் விழுந்து, அது ஆழமாகி, பிறகு நிறுத்த முடியாது.

எதை முதலில் பார்க்க வேண்டும்?

கலிங்கை. சில ஊர்களில் கோடி, மறுகால் என்பார்கள். மிகுதி நீர் வெளியேறும் வழி. கரையைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறவர்கள் பலர் இதைப் பார்ப்பதே இல்லை. என்னைக் கேட்டால் கரை சுமாராக இருந்து கலிங்கு நன்றாக இருப்பது, கரை பிரமாதமாக இருந்து கலிங்கு அடைந்து கிடப்பதைவிட எவ்வளவோ மேல்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் ஓடைக்கு 100 ஹெக்டேர் நீர்ப்பிடிப்பு, அதாவது சுமார் 250 ஏக்கர், இருக்கிறது. ஐப்பசியில் மண் ஏற்கெனவே ஊறிக் கிடக்கிறது. ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் கொட்டுகிறது. புயல் நேரத்தில் இது அதிசயமல்ல. பாதி ஓடிவந்தால்கூட 25,000 கன மீட்டர், நொடிக்கு 7,000 லிட்டர். கலிங்கின் மேல் 60 சென்டிமீட்டர் ஆழத்தில் இது போக வேண்டுமானால் கலிங்கின் அகலம் 9 மீட்டர் வேண்டும். ‘இரண்டு அடிக் குழாய் ஒன்று பதித்திருக்கிறோம், அது போதும்’ என்று சொல்லும் தோட்டங்கள் உண்டு. போதவே போதாது.

கலிங்கைக் கெடுப்பவர்கள் பெரும்பாலும் நல்ல எண்ணத்தோடுதான் கெடுக்கிறார்கள். கோடையில் கொஞ்சம் கூடுதல் தண்ணீர் வேண்டும் என்று மணல் மூட்டை அடுக்குவார்கள், பிறகு மழை வருமுன் எடுக்க மறந்துவிடுவார்கள். வளர்க்கும் மீன் வெளியே போய்விடக் கூடாது என்று வலை கட்டுவார்கள். வெள்ளத்தில் அடித்து வரும் சருகும் விறகும் அந்த வலையில் அப்பி, பத்து நிமிடத்தில் அது சுவராகிவிடும். பென்சில்வேனியாவில் சவுத் ஃபோர்க் அணையில் நடந்தது இதுதான். கார்னகி, ஃப்ரிக் போன்ற பெரும் செல்வந்தர்கள் உறுப்பினர்களாக இருந்த ஒரு மீன்பிடிக் கிளப்பின் சொத்து அது. வண்டி போக வசதியாகக் கரை உச்சியைத் தாழ்த்தினார்கள், மீன் போகாமல் கலிங்கில் கம்பித் தடுப்பு வைத்தார்கள். அடியில் தண்ணீர் திறந்துவிடும் இரும்புக் குழாய்களை அதற்கு முந்தைய உரிமையாளரே பழைய இரும்பு விலைக்கு எடுத்து விற்றிருந்தார். கிளப் அவற்றைத் திரும்பப் பதிக்கவில்லை. 1889 மே 31 அன்று அணை உடைந்தது, ஜான்ஸ்டவுன் நகரத்தில் 2,200க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

அது பழைய கதை என்று தோன்றினால், ஹவாயின் கவாய் தீவில் கா லோகோ அணை உடைந்து 7 பேர் இறந்தது 2006 மார்ச் 14இல். கலிங்கே மண் போட்டு மூடப்பட்டிருந்தது என்பதுதான் அங்கே குற்றச்சாட்டு. நிலத்தின் உரிமையாளருக்கு 2014இல் ஏழு மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது.

புரட்டாசி முடிவதற்குள் கலிங்கில் எதுவும் இல்லாமல் துப்புரவாக இருக்க வேண்டும். கலிங்கின் வழியே பெரும் வெள்ளம் போகும்போதுகூடக் கரை உச்சி தண்ணீருக்கு மேலே 1 மீட்டராவது நிற்க வேண்டும். கரை உச்சி ஒரே மட்டமாக இருக்கிறதா என்று மேஸ்திரியின் டியூப் லெவலை வைத்தே பார்த்துவிடலாம். ஜீப் ஓடி ஓடித் தேய்ந்த இடம், மாடு ஏறி இறங்கும் இடம், மண் அமுங்கிய நடுப்பகுதி, இவைதான் தாழ்ந்திருக்கும். தண்ணீர் வழிந்தால் அங்கேதான் வழியும்.

கரைக்கு வெளிப்பக்கம் ஈரம் கசிகிறது. ஆபத்தா?

கசியாத மண் அணை கிடையாது. எவ்வளவு கசிகிறது என்பதைவிட, கசிவு மாறுகிறதா, கலங்கி வருகிறதா என்பதுதான் கேள்வி. பல வருடமாக ஒரே அளவில், தெளிந்த நீராகக் கசிந்தால் அதோடு வாழலாம். நீர்மட்டம் ஏறாமலேயே கசிவு கூடினால், புதிய இடத்தில் ஈரம் தெரிந்தால், தண்ணீர் கலங்கி வந்தால், கரையடியில் மணலைக் கொப்பளித்துக்கொண்டு ஊற்று எழும்பினால் உடனே கவனிக்க வேண்டும். கலங்கல் என்றால் அணையின் உட்பகுதி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

கசிவை அளக்க ஒரு குழாய்த் துண்டும் வாளியும் கைப்பேசிக் கடிகாரமும் போதும். கசிவு நீர் ஓர் இடத்தில் சேர்ந்து விழும்படி செய்து, வாளி நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று நோட்டில் எழுதுங்கள், பக்கத்தில் அன்றைய நீர்மட்டத்தையும் எழுதுங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வைத்து அடியில் மண் படிகிறதா என்றும் பாருங்கள்.

வெளிப்பக்கத்தில் கசிவைக் களிமண் வைத்தோ சிமெண்ட் பூசியோ அடைக்கவே அடைக்காதீர்கள். தண்ணீர் வெளியேற முடியாமல் கரைக்குள் அழுத்தம் ஏறும், வேறு பலவீனமான இடத்தில் பீறிடும். செய்ய வேண்டியது நேர்மாறானது: தண்ணீரை விட வேண்டும், மண்ணை விடக் கூடாது. கசியும் இடத்தின் மேல் முதலில் சுத்தமான ஆற்று மணல், அதன்மேல் சிறு ஜல்லி, அதன்மேல் பெரிய கல் என்று அடுக்கினால் வடிகட்டியாக வேலை செய்யும். இது அவசரச் சிகிச்சைதான். கூடவே நீர்மட்டத்தைக் குறைத்துக்கொண்டு பொறியாளரை வரவழைக்க வேண்டும்.

உங்கள் மண் எளிதில் கரையும் ரகமா என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை. கரையிலிருந்து ஈரம் காயாத சிறு கட்டியை எடுத்து, மழைநீர் நிறைத்த டம்ளருக்குள் அசைக்காமல் போட்டு வையுங்கள். கட்டி சரிந்து உதிர்ந்தால் பரவாயில்லை. தண்ணீரில் பால் கலந்ததுபோல் மேகம் பரவி, நேரமாகியும் அடியில் தங்காமல் நின்றால் அது கரைந்தோடும் மண். அப்படிப்பட்ட கரையில் ஒரு சின்ன வெடிப்புகூட ஒரே மழையில் சுரங்கமாகிவிடும்.

மதகுக் குழாயைச் சுற்றி மட்டும் ஈரமாக இருக்கிறதே?

அதுதான் மற்ற எல்லா ஈரத்தையும்விட மோசம். குழாயின் அடிப்பக்கம் மண்ணை யாரும் சரியாகத் திமிசு போட்டிருக்க முடியாது, கை எட்டாது. துருப்பிடித்த குழாயில் ஓட்டை விழுந்தாலும் மண் அதற்குள்ளேயே இழுபடும். கொலராடோவின் லான் லேக் அணை 1903இல் கட்டியது. குழாய்க்கும் வால்வுக்கும் இடையே அடைத்திருந்த ஈயப் பூச்சு கெட்டுப்போனதால் 1982 ஜூலை 15இல் உடைந்து மூன்று பேரைக் கொன்றது.

வால்வு கரையின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். வெளிப்பக்கம் மட்டும் இருந்தால் கரைக்குள் இருக்கும் குழாய் முழுதும் எப்போதும் அழுத்தத்தில் நிற்கிறது. தண்ணீர்ப் பக்கத்திலும் ஓர் அடைப்பு வைப்பது நல்லது.

கரையில் மரம் இருந்தால் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும் என்கிறார்களே? பனை நடலாமா?

புல்தான் பிடித்துக்கொள்ளும். அறுகு நன்றாகப் படர்ந்தாலே போதும். மரத்தின் வேர் செத்து உளுத்தால் கரைக்குள் குழாய் போட்டதுபோல் வழி உண்டாகும். புயலில் மரம் சாய்ந்தால் வேரோடு கரையின் ஒரு பங்கையும் பெயர்த்துக்கொண்டு போகும். புதர் அடர்ந்தால் கசிவும் தெரியாது, சரிவும் தெரியாது.

சமவெளிக் கண்மாய்க் கரைகளில் பனை நிற்பது உண்மை. அவை அகலமான, தாழ்வான கரைகள், பனையின் சல்லிவேர் பருத்துப் பரவாது. மலைச்சரிவில் ஒடுக்கமாக எழும்பிய 8 மீட்டர் கரைக்கு அந்த உதாரணம் செல்லாது. கரையை விட்டுத் தள்ளி எத்தனை பனை வேண்டுமானாலும் நடுங்கள்.

ஏற்கெனவே சில்வர் ஓக்கோ பலாவோ பெருத்து நின்றால், ஆளைக் கூப்பிட்டு அடியோடு வெட்டிவிட்டு அப்படியே விடாதீர்கள். அது உயிரோடு இருந்ததைவிட ஆபத்து. நீர்மட்டம் தாழ்ந்த கோடையில், பொறியாளர் மேற்பார்வையில், தூரையும் வேரையும் தோண்டியெடுத்துக் குழியை மண்ணால் அடுக்கடுக்காகக் கெட்டித்து மூட வேண்டும்.

எலி, நண்டு வளைகள்?

2019 ஜூலையில் ரத்னகிரி மாவட்டத்தில் திவரே அணை உடைந்தபோது அமைச்சர் ஒருவர் நண்டின் மேல் பழி போட்டு ஊர் சிரிக்கும்படி ஆனது. சிரிப்பு நியாயம்தான். ஆனால் பெருச்சாளி, முள்ளம்பன்றி, நண்டு எல்லாம் கரையைத் துளைப்பது உண்மை. காட்டுப்பன்றி சரிவையே உழுதுபோடும். வளைகளைத் தோண்டித் திறந்து மண்ணால் கெட்டித்து மூடுங்கள். வாயை மட்டும் அடைத்தால் உள்ளே பொந்து அப்படியே இருக்கும்.

வெடிப்பு விட்டிருக்கிறது.

கோடையில் கரிசலிலும் களிமண்ணிலும் மேலாக வெடிப்பது இயல்பு. ஒரு குச்சியை விட்டு ஆழம் பாருங்கள். கரைக்குக் குறுக்கே, தண்ணீர்ப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் நோக்கி ஓடும் வெடிப்பு நேரான தண்ணீர்ப் பாதை. கரை நீளத்தோடு பிறைபோல வளைந்து, ஒரு பக்கம் இறங்கியிருந்தால் சரிவு நகரத் தொடங்கிவிட்டது. இரண்டுக்கும் பொறியாளர் வேண்டும். கரையடியில் பாதை அகலப்படுத்துகிறேன் என்று பொக்லைன் விட்டு மண் எடுத்திருந்தால் காரணம் அநேகமாக அதுதான்.

மதகே வேலை செய்யவில்லை. தண்ணீரை எப்படிக் குறைப்பது?

பாதித் தோட்டங்களின் நிலைமை இதுதான். ஹெச்டிபிஇ (கெட்டி பிளாஸ்டிக்) குழாயைக் கரைக்கு மேலே போட்டு, அதில் தண்ணீர் நிரப்பி, அது தானாகவே மேடேறி வெளிப்பக்கம் இறங்கும்படி சைஃபன் முறையில் இறக்கலாம். சமவெளியில் சுமார் 6 மீட்டர் வரை நடைமுறையில் ஏற்ற முடியும். 1,500 மீட்டர் உயர மலையில் காற்றழுத்தம் குறைவு என்பதால் அதிலும் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் கழித்துக்கொள்ளுங்கள். மோட்டாரை நம்பினால் டீசல் எஞ்சின் வைத்துக்கொள்ளுங்கள். புயல் இரவில் கரண்ட் இருக்காது.

அவசரம் இல்லாதபோது நாளைக்கு ஓர் அடிக்கு மேல் இறக்க வேண்டாம். ஊறிப்போன உட்சரிவு, தாங்கி நின்ற தண்ணீர் திடீரென்று விலகினால் சறுக்கும்.

கரையை இரண்டடி உயர்த்திக் கூடுதலாகத் தேக்கலாமா?

கணக்குப் போடாமல் கூடாது. உச்சியில் மண் கொட்டினால் கரை உயரும், அடி அகலாது. சரிவு செங்குத்தாகும். பழைய சரிவில் படி வெட்டி, 15 முதல் 20 சென்டிமீட்டர் அடுக்குகளாக, சரியான ஈரத்தில் உருளை ஓட்டித்தான் புது மண் சேர்க்க வேண்டும். கொள்ளளவு வேண்டுமென்றால் வண்டல் எடுப்பது மேல், அதையும் கரையடியிலிருந்து நன்றாக விலகிச் செய்யுங்கள். அடியில் படிந்த வண்டல்தான் பல அணைகளில் கசிவை அடைத்து வைத்திருக்கிறது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பது?

கோடையில் மாதம் ஒருமுறை, மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை, கனமழையில் தினமும். உச்சி, உட்சரிவு, வெளிச்சரிவு, கரையடி, கலிங்கு, குழாய் முனை என்று ஒரே வரிசையில் நடந்து, ஒரே இடங்களில் நின்று படம் எடுங்கள். தண்ணீருக்குள் அளவுக்கோல் வரைந்த கல் ஒன்று நட்டுவிடுங்கள். இந்த வேலையை வாட்ச்மேனிடம் விட்டால், அவருக்கு எதைப் பார்க்க வேண்டும் என்று கரையில் கூட்டிப்போய்க் காட்டுங்கள், கலங்கல் தெரிந்தால் யாரிடமும் கேட்காமல் மதகைத் திறக்கும் அதிகாரத்தையும் கொடுங்கள். நீங்கள் சென்னையில் இருந்துகொண்டு போனை எடுக்காத இரவில்தான் அது தேவைப்படும்.

நள்ளிரவு, மழை நிற்கவில்லை, தண்ணீர் உச்சியைத் தொடப்போகிறது. என்ன செய்வது?

முதலில் கீழே இருப்பவர்களை எழுப்பி மேட்டுக்கு அனுப்புங்கள். அவர்களின் கைப்பேசி எண்கள் முன்கூட்டியே உங்களிடமும் வாட்ச்மேனிடமும் இருக்க வேண்டும். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. உடையாவிட்டால் கேலி செய்வார்களே என்று தயங்க வேண்டாம்.

பிறகுதான் அணை. மதகைத் திறங்கள், கலிங்கில் சிக்கியதை நீண்ட கழியால், கரையில் நின்றபடி தள்ளுங்கள். உச்சியில் தாழ்ந்த இடத்தில் மட்டும் மணல் மூட்டை வையுங்கள். வேறு வழியில்லாமல் வெட்டிவிட நேர்ந்தால் கரையை வெட்டாதீர்கள். அணை முடிந்து இயற்கை நிலம் தொடங்கும் ஓரத்தில், முடிந்தால் பாறை உள்ள இடத்தில், தண்ணீர் விலகி ஓடும்படி வெட்டுங்கள். எந்த இடம் என்பதைக் கோடையிலேயே பார்த்துக் குறித்துவைத்தால்தான் இருட்டில் சரியாகச் செய்ய முடியும். கரை ஏற்கெனவே அரிபட ஆரம்பித்துவிட்டால் யாரையும் அதன்மேல் ஏற்றாதீர்கள்.

இவ்வளவு தொல்லை எனக்கு வேண்டாம். அணையை எடுத்துவிடலாமா?

தாராளமாக. செலவு செய்து பராமரிக்க மனமில்லை என்றால் அதுதான் நேர்மையான வழி. ஆனால் அப்படியே கைவிட்டால் அணை போய்விடாது, பாதுகாப்புதான் போகும். கோடையில் தண்ணீரை மெல்ல வடித்துவிட்டு, கரையின் நடுவே ஓடையின் பழைய அடிமட்டம் வரை, வெள்ளம் தேங்காமல் போகுமளவு அகலமாக வெட்டித் திறக்க வேண்டும். வெட்டுமுகத்தைச் செங்குத்தாக விடாமல் சரித்து, கல் பாவிவிட வேண்டும். உள்ளே சேர்ந்த வண்டல் முதல் மழையில் கீழ்த் தோட்டக்காரரின் கிணற்றுப் பக்கம் போகாதபடி, வெட்டும் முன்பே அதில் ஒரு பகுதியை அள்ளி வயலில் பரப்பிவிடுங்கள். அணைத் தண்ணீரை நம்பிக் கீழே யாராவது பாசனம் செய்தால் அவர்களிடமும் முன்னரே சொல்லிவிடுங்கள்.